808 கிக்கா, 909 கிக்கா?

ரோலண்ட் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷினின் கிக் (பேஸ் டிரம் அடி), சுமார் 50 ஹெர்ட்ஸில் நீளமாக முனகும். 1983-இல் வந்த 909-இல் சுருதி மேலே தொடங்கிச் சட்டென இறங்கும். அந்த ‘டொக்’ அதனால்தான். ஹவுஸ், டெக்னோ மாதிரி நடன இசை என்றால் யோசிக்காமல் 909-ஐ எடுப்பேன். டிகேயைக் (ஒலி தேய்ந்து அடங்கும் நேரம்) குறைத்தால் பேஸுக்கு இடம் கிடைத்துவிடும்.

808-இல்தான் வேலை அதிகம். அது பாதி பேஸ் கிட்டார் மாதிரி. பாட்டின் சுருதிக்கு டியூன் செய்யாவிட்டால் அபஸ்வரம்தான். சுருதி ஜி என்றால் 49 ஹெர்ட்ஸ். சரி, போன் ஸ்பீக்கரில் அது எங்கே கேட்கும்? கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) போட்டால் 98, 147-இல் மேல்சுரங்கள் முளைக்கும். அடிச்சுரத்தைக் காது அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளும். ஓர் அடி அடுத்த அடியின்மேல் ஏறினால் ஈக்யூவைத் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருகாதீர்கள், ஒலியின் வாலை நறுக்குங்கள்.