ராமேஸ்வரம் பக்கம் கயாக் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கடந்த ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் அண்ணன் மகளும் மதுரையிலிருந்து விடியுமுன் கிளம்பினோம். ராமேஸ்வரம் போகும் வழியில், பாக் விரிகுடா கரையில் ஒரு நாள் பயணம்: கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு, பேடில் போர்டு என்கிற, நின்றபடி துடுப்பு போடும் பலகை. மூவருக்கும் இதுதான் முதல் தடவை. அவளுக்குப் பதினான்கு வயது, நீச்சல் அரைகுறை. பதிவு செய்யும்போதே இதைச் சொன்னேன். "புதுசா வர்றவங்களுக்காகத்தான் நடத்துறோம் மேடம், இடுப்பளவு தண்ணிதான், பயிற்சி பெற்ற ரெண்டு பேர் கூடவே வருவாங்க" என்றார்கள். ஆளுக்கு 2,200 ரூபாய், சாப்பாடும் புகைப்படமும் சேர்த்து. முழுப் பணத்தையும் ஒரு தனிநபரின் கூகுள் பே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீது நேரில் தருவார்களாம். கடைசி வரை தரவில்லை.

ஆறரைக்கு வரச் சொன்னவர்கள் எங்களைக் கடலில் இறக்கியபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. எங்களுக்கு முன்னால் இன்னொரு குழுவை ஏற்றியிருந்தார்கள். ஒரே படகுகளை வைத்து இரண்டு குழுவிடம் காசு வாங்கியதுதான் அன்றைக்கு நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எங்களோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், கூட வந்தது ஒரே ஒரு பையன். மணலில் நிற்க வைத்து துடுப்பு பிடிக்கச் சொல்லித் தந்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. லைஃப் ஜாக்கெட் எல்லாம் பெரியவர்கள் அளவு. அண்ணன் மகளுடையதில் ஒரு கொக்கி உடைந்திருந்தது. பலகையோடு காலைப் பிணைக்கும் லீஷ் கயிறு எங்கே என்று அண்ணன் கேட்டதற்கு, "அலையே இல்லையே சார், அது தேவைப்படாது" என்றான்.

அலை இல்லாதது உண்மைதான். ஆபத்தும் அதில்தான் இருந்தது. இந்தக் கரையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அப்போது தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் கரையோரம் குளம் மாதிரி கிடக்கும். ஆனால் அதே காற்று வடகரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. வெயில் ஏற ஏற அதுவும் பலக்கும். பலகை மேல் நிமிர்ந்து நிற்கிற உடம்பு பாய்மரம் போலத்தான். துடுப்பே போடாமல் உள்ளே போய்க்கொண்டிருப்போம், நன்றாகப் போகிறோம் என்றுதான் தோன்றும்.

எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. திரும்பிப் பார்த்தபோது கரையில் நின்ற வேன் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அண்ணன் மகள் பயந்து தடுமாறி விழுந்தாள். லீஷ் இல்லாத பலகை காற்றில் சறுக்கிக்கொண்டு போயே போய்விட்டது. ஜாக்கெட் காது வரைக்கும் ஏறிவிட, அவள் "அத்தை, அத்தை" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் அண்ணனும் இரட்டைக் கயாக்கில் ஒருவழியாக அவளை எட்டிப் பிடித்தோம். அவள் கயாக்கின் பின்புறத்தைப் பிடித்துக்கொள்ள, கரையைப் பார்த்துத் துடுப்பு போட்டோம். கை மரத்துப்போனது, இடம் நகரவில்லை. பையன் இன்னொரு பக்கம் சிதறியவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் விசில்கூட இல்லை. மீட்பதற்கு மோட்டார் படகும் இல்லை.

மீன்பிடித்துத் திரும்பிய ஒரு நாட்டுப்படகுதான் எங்களைப் பார்த்தது. ஏற்றிவிட்ட பெரியவர், "ஏம்மா, கச்சான் அடிக்கிற நேரத்துல பச்சப்புள்ளைய இந்தப் பலகையில யாரு அனுப்புனா?" என்று கேட்டார். கச்சான் என்றால் அந்தத் தென்மேற்குக் காற்றுதான். எவ்வளவு வற்புறுத்தியும் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

கரைக்கு வந்தபின் நடந்ததுதான் இன்னும் கேவலம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, காலையில் அவசரமாகக் கையெழுத்து வாங்கிய ஆங்கிலத் தாளைக் காட்டினார்கள். காணாமல் போன பலகைக்கு நாங்கள்தான் காசு தர வேண்டும் என்றும் சொன்னார்கள். மன்னிப்பாக ஒரு வார்த்தை இல்லை. கொடுக்க மாட்டோம் என்று அண்ணன் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

நீங்கள் போவதாக இருந்தால், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், எத்தனை மணிக்குக் கரையேறுவோம் என்று முதலில் கேளுங்கள். பதில் தெரியாதவரோடு கடலில் இறங்காதீர்கள். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இதற்கெல்லாம் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறது. வழிகாட்டியிடம் அது இருக்கிறதா என்று பாருங்கள். லீஷ் இல்லாத பலகையில் ஏறவே ஏறாதீர்கள். மாட்டிக்கொண்டால் நிற்கக் கூடாது, பலகையில் குப்புறப்படுத்து கையாலேயே தள்ள வேண்டும். தண்ணீர் புகாத உறையில் போட்ட ஒரு போனை உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, கடலோரக் காவல்படை எண் 1554. எங்கள் போன்கள் வேனில் இருந்தன.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். பணம் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது.

அண்ணன் மகள் பலகையில் முதன்முதலாக எழுந்து நின்று சிரித்தபோது அந்தப் பையன் எடுத்த படம் இப்போது அவர்களுடைய விளம்பரத்தில் வருகிறது. அதை நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டோம், இன்று காலை வரை நீக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தால் அவள் காலைப் பாருங்கள், கயிறு இருக்காது.