பெருமூளையும் சிறுமூளையும்: அசைவை ஆள்வதில் எதன் பங்கு என்ன?

ஒரு குவளையை எடுக்க நினைக்கும்போது, அந்த எண்ணத்தைத் தசைகளுக்கான கட்டளையாக மாற்றி அனுப்புவது பெருமூளையின் மேலடுக்கான புறணியின் இயக்கப் பகுதி. கை சரியான வேகத்தில் சென்று சரியான இடத்தில் நிற்கிறதா என்பதை இடைவிடாமல் ஒப்பிட்டுத் திருத்துவது சிறுமூளை.

பருமனில் சிறுமூளை பெருமூளைக்கு ஈடாகாது. ஆனால் நரம்பணுக்களின் கணக்கு வியப்பளிக்கிறது. மூளையின் எடையில் ஏறத்தாழ 10 சதவீதமே கொண்ட சிறுமூளையில்தான், மொத்தமுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி அடங்கியுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை துகளணுக்கள் எனப்படும் நுண்ணிய நரம்பணுக்கள்.

இரண்டின் வேறுபாடு மிகத் தெளிவாக வெளிப்படுவது பாதிப்பு நேரும்போதுதான். பெருமூளையின் இடப்பக்க இயக்கப் பகுதி சிதைந்தால், நரம்பிழைகள் பெரும்பாலும் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் கீழ்ப்பகுதியில் பக்கம் மாறிச் செல்வதால், வலக்கையும் வலக்காலும் வலுவிழக்கின்றன. சிறுமூளையின் இடப்பக்கம் சிதைந்தாலோ இடப்பக்கமே தடுமாறுகிறது. அதன் செய்தி முதலில் எதிர்ப்பக்கப் பெருமூளைக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் பக்கம் மாறி வருவதே காரணம். அப்போது கைகால் செயலிழக்கும் வாதம் ஏற்படுவதில்லை. குவளையை நெருங்கும்போது கை நடுங்கும், இலக்கைத் தாண்டிச் செல்லும், நடை தள்ளாடும்.

மொழி, திட்டமிடல், தீர்மானம் ஆகியவற்றில் பெருமூளையே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. எனினும் சிறுமூளையை வெறும் சமநிலை உறுப்பாகக் கற்பிப்பது, என் கருத்தில், பெருங்குறை. அதன் சிதைவு சிந்தனையையும் உணர்ச்சியையும் பாதிக்கக்கூடும் என்பதை 1998இல் வெளியான மருத்துவ ஆய்வு விரிவாக எடுத்துக்காட்டியது.