ஆர்க்டிக்டெம் உயரத் தரவு: பனிக்கரடி வளை தேட எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பாளையங்கோட்டையில் இருந்தபடியே அலாஸ்காவின் ஆற்றங்கரையை 2 மீட்டர் நுணுக்கத்தில் அளக்கலாம், காலணா செலவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள போலார் ஜியோஸ்பேஷியல் சென்டர் வெளியிடும் ஆர்க்டிக்டெம், அதாவது வடதுருவப் பகுதியின் தரை உயரத்தைக் கட்டம் கட்டமாகத் தரும் தரவு, அப்படிப்பட்டது. தாமிரபரணிக் கரைக்கு இதே நுணுக்கத்தை இலவசமாகக் கேட்டால் கிடைக்காது. இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோடெம் உயரத் தரவு 30 மீட்டரோடு நின்றுவிடும். ஜிஐஎஸ் (கணினி வரைபடவியல்) படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்குப் பனிக்கரடி வளை தேடுவதைப் பிடித்துக்கொள்ள இந்த ஒரு காரணமே போதும்.

சினைக்கரடி குட்டி ஈனும் வளையைப் பெரும்பாலும் பனிக்குள்தான் தோண்டும். அக்டோபர், நவம்பரில் உள்ளே போனால் மார்ச், ஏப்ரலில்தான் குட்டிகளோடு வெளியே வரும். குளிர்காலத் தொடக்கத்திலேயே ஆழமாகப் பனி சேரும் இடம் வேண்டும் என்பதால், சமவெளியில் திடீரென்று எழும் கரைகளே அதற்குத் தோது. ஆடிக்காற்றில் குதிரைமொழித் தேரியின் செம்மணல் வேலியின் மறைவில் போய்க் குவிவதைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவைப்படாது. அங்கே மணலுக்குப் பதில் பனி. வடக்கு அலாஸ்காவில் வளை இருந்த கரைகளை டர்னர் குழுவினர் அளந்து 2003-இல் வெளியிட்டார்கள்: உயரம் 1.3 முதல் 34 மீட்டர் வரை, சரிவு 15.5 முதல் 50 பாகை வரை. தேட வேண்டியது இந்த அளவுக்குள் வரும் கரைகளை.

இங்கேதான் 2 மீட்டரின் அருமை தெரியும். 1.3 மீட்டர் உயரக் கரை 40 பாகை சரிந்தால் அதன் கிடை அகலம் ஒன்றரை மீட்டர்தான், ஒரு பிக்செல்கூட (தரவின் 2 மீட்டர் கட்டம் ஒன்று) இல்லை. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் சரிவைக் கணக்கிடும்போது இருபுறப் பிக்செல்களையும் எடுப்பதால் 4 மீட்டர் தூரத்துக்கு 1.3 மீட்டர் ஏற்றம் என்று வரும். விடை 18 பாகை. சரிவு குறைந்தது 16 பாகை என்று வரம்பு வைத்தால் இந்தக் கரை தேறிவிடும். அதே கரை 10 மீட்டர் தரவில் 4 பாகைக்கும் கீழே, 30 மீட்டர் தரவில் 1 பாகைச் சொச்சம். அதாவது கரையே இல்லை. கோப்பு சிறியது என்று 10 மீட்டர் பதிப்பை இறக்கி வேலையை ஆரம்பிப்பவர்கள் முதல் படியிலேயே வளையைத் தொலைத்துவிடுகிறார்கள்.

தரவின் இரைச்சலை (சிறு பிழைத் துள்ளல்களை) குறைக்கிறேன் என்று 3×3 சராசரி வடிகட்டியைப் போடுவதும் அதே கதைதான். 18 பாகை 12 ஆகிவிடும், கரை 16 பாகை வரம்புக்குக் கீழே போய்விடும். மீடியன் (நடுமதிப்பு) வடிகட்டி போடுங்கள், விளிம்பு மழுங்காது. பிறகு சரிவு 16-க்கு மேல், 10 மீட்டர் சுற்றுவட்டத்துக்குள் உயர்ந்த புள்ளிக்கும் தாழ்ந்த புள்ளிக்கும் வித்தியாசம் 1.3-க்கு மேல் என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

பெரிய பொறி திசையில் இருக்கிறது. தரவு இபிஎஸ்ஜி 3413 என்ற எண்ணுள்ள துருவ வீழலில் (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறை) வருகிறது. அதில் மேல்பக்கம் வடக்காக இருப்பது மேற்கு 45 பாகைத் தீர்க்கரேகையில் மட்டும்தான். அலாஸ்காவின் மேற்கு 150-இல் உண்மை வடக்கு 105 பாகை திரும்பிக் கிடக்கும். சரிவு நோக்கும் திசையை அப்படியே கணக்கிட்டால் காற்று மறைவு எந்தப் பக்கம் என்பதே தலைகீழாகிவிடும். வந்த விடையிலிருந்து 105-ஐக் கழியுங்கள். இல்லையென்றால் முதலிலேயே, மேல்பக்கம் ஏறக்குறைய வடக்காகவே இருக்கும் யூடிஎம் வீழலின் 6-ஆம் மண்டலத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கரையோரத்தில் காற்று கிழக்கு-வடகிழக்கிலிருந்தும் மேற்கு-தென்மேற்கிலிருந்தும் அடிப்பதால் ஒரே பக்கக் கரையை மட்டும் குறித்து வைப்பதும் தவறு. தரவில் உள்ள உயரம் நீள்வட்டகத்திலிருந்து (பூமிக்குக் கணக்கில் வகுத்த வழவழப்பான வடிவம்) அளக்கப்பட்டது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. சரிவுக்கு இதனால் பாதகமில்லை.

குறைகளும் உண்டு. செயற்கைக்கோள் இரட்டைப் படங்களிலிருந்து எடுத்த தரவு என்பதால் ஏரி, ஆற்று நீர்ப்பரப்பில் உயரம் கன்னாபின்னாவென்று துள்ளும், இல்லாத கரைகள் முளைக்கும். நீர்நிலைகளை முதலிலேயே வெட்டி எடுத்துவிட வேண்டும். பனி உருகுமுன் எடுத்த படமாக இருந்தால் கரையே பனியால் நிரம்பித் தட்டையாகத் தெரியும். பல படங்களை ஒட்டிச் செய்த மொசைக்கில் பல தேதிகள் கலந்திருப்பதால் சந்தேகமான இடத்தில் ஒட்டாத தனித்தனி ஸ்ட்ரிப்பைத் (ஒரே நாளில் எடுத்த பட்டை) தேதியோடு பாருங்கள். வடக்கு அலாஸ்காக் கடற்கரை சராசரியாக ஆண்டுக்கு 1.4 மீட்டர் அரிக்கப்படுவதால் பழைய படத்துக் கரை இன்று அதே இடத்தில் இருக்காது.

50 கிலோமீட்டர் சதுரக் கட்டம் ஒன்று, சுருக்காமல், இரண்டரை ஜிபி. நெட் இழுக்காத ஊரில், 8 ஜிபி லேப்டாப்பில், இறக்காமல் இணையத்திலேயே கணக்கிடும் கூகுள் எர்த் இன்ஜினில் வேலையை முடித்துக்கொள்வதே புத்தி.

கிடைக்கும் வரைபடம் பனி தங்கக்கூடிய கரைகளைத்தான் காட்டும், கரடியை அல்ல. எந்த ஆண்டு எவ்வளவு பனி சேரும் என்பதற்குக் காற்று, பனிப்பொழிவு கணக்கோடு லிஸ்டன் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஸ்னோடென்ஸ்-3டி போன்ற மாதிரி வேண்டும். விமானத்திலிருந்து வெப்பக் கேமராவில் பார்த்தும் பாதி வளைகள் தப்பிவிடுகின்றன. 2020-இல் வெளியான ஆய்வொன்றில் இருந்த வளைகளில் 45 சதவீதம்தான் பிடிபட்டன. எண்ணெய் நிறுவன வண்டிகள் தெரிந்த வளையிலிருந்து 1.6 கிலோமீட்டர் விலக வேண்டும் என்பது விதி. தெரியாத வளைக்கு இந்த மாதிரி வரைபடம்தான் துணை.

கனடாவின் ஹட்சன் விரிகுடா ஓரத்து வபுஸ்க் தேசியப் பூங்காவுக்கு மட்டும் இதை எடுக்க வேண்டாம். 60 பாகைக்குத் தெற்கே இருப்பதால் அது தரவின் எல்லைக்குள் வரவில்லை. வந்தாலும் பயனில்லை: அங்கே கரடி தோண்டுவது கரிமண்ணை.