பின்கோடைக்கு எந்த முன்கணிப்பு? செயலி, வார வரைபடம், பருவ வரைபடம்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் நடுச்சமவெளியில் ஏதோ ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை கடைசியில் நின்றுகொண்டு, அங்கே பின்கோடையான ஆகஸ்ட், செப்டம்பர் எப்படி இருக்கும் என்று தேடினால் நாலு விதமான பதில் வரும். கைபேசிச் செயலி ‘ஆகஸ்ட் 29, 31 டிகிரி, பிற்பகலில் மழை’ என்கிறது. அமெரிக்கப் பருவநிலை முன்கணிப்பு மையத்தின் வரைபடம் அந்த இடத்தில் ஆரஞ்சு பூசி, இயல்பைவிட வெப்பம் கூட 40% வாய்ப்பு என்கிறது. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தின் வரைபடத்தில் அதே இடம் வெறும் வெள்ளை. மூன்று மாத வரைபடமோ வெப்பம் கூடும் என்று சொல்லிவிட்டு, மழைக்கு ‘சம வாய்ப்பு’, அதாவது எந்தப் பக்கமும் சொல்ல முடியாது, என்று ஒதுங்கிக்கொள்கிறது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செயலியின் நாள்வாரி எண்ணைத் தவிர மற்ற மூன்றும் உதவும். ஆனால் ஒவ்வொன்றும் தாங்கும் தூரம் வேறு, அளக்கும் கோலும் வேறு. வெப்பத்துக்கு வைக்கும் நம்பிக்கையை அப்படியே மழைக்கும் வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

கோடையில் பிடிமானம் எங்கே இருக்கிறது

எந்த நாளில் எந்த மேகம் என்ற விவரம் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லொரென்ஸ் 1960-களிலேயே காட்டிய வரம்பு இது. அதற்கு அப்பால் மெதுவாக மாறும் சங்கதிகளை மட்டுமே பற்றிக்கொள்ள முடியும்: கடல் மேற்பரப்பின் வெப்பம், மண்ணின் ஈரம், வெப்பமண்டலத்தில் 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை கிழக்கே நகர்ந்துவரும் மழைமேகத் தொகுதியான மேடன்–ஜூலியன் அலைவு.

குளிர்காலத்தில் இந்தப் பிடிமானங்கள் உறுதியானவை. எல் நினோ (பசிபிக்கின் நடுக்கோட்டுக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) ஜெட் காற்றோட்டத்தை, அதாவது உயரே மேற்கிலிருந்து வேகமாக வீசும் காற்றை, இழுத்து வளைக்கும். மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்குமண்டலத்தில் துருவத்தைச் சுற்றி வீசும் காற்றான துருவச் சுழல் உடைந்தால் அதன் விளைவு வாரக்கணக்கில் தரையில் தெரியும். வட மிதவெப்ப மண்டலத்தின் ஆகஸ்டில் அந்தச் சுழலே கிடையாது. ஜெட் காற்றோட்டம் மெலிந்து வடக்கே ஒதுங்கியிருக்கும். எல் நினோவின் பிடியும் மிதவெப்ப நிலப்பரப்பில் தளர்ந்திருக்கும். குளிர்காலத்தில் நன்றாகக் கணித்த கணினி மாடல் என்பதற்காகக் கோடையிலும் அதே மதிப்பெண்ணைக் கொடுக்க வேண்டாம்.

கோடைக்கென்று இருக்கும் துருப்புச்சீட்டு மண் ஈரம். மண் நனைந்திருந்தால் சூரிய ஆற்றலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகும். காய்ந்திருந்தால் அது காற்றைச் சூடாக்கும். சூடேறிய காற்று மேலே உயர் அழுத்தத்தை வலுப்படுத்த, மழை விலக, மண் இன்னும் காயும். இந்த நினைவு ஒன்றிரண்டு மாதம் நீடிக்கும். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலைக்கு முன்னால் வசந்தத்திலிருந்தே மண் வறண்டு கிடந்தது. இந்தப் பிணைப்பு பாலைவனத்திலும் சதுப்பிலும் வேலை செய்யாது. அமெரிக்கப் பெருஞ்சமவெளி, சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் போல ஈரத்துக்கும் வறட்சிக்கும் இடைப்பட்ட பகுதிகளில்தான் அதிகம். ஆகவே ஜூலையில் எந்த முன்கணிப்பையும் திறப்பதற்கு முன் மண் ஈர வரைபடத்தைப் பாருங்கள். மண் காய்ந்திருக்கும் இடத்தில் ‘வெப்பம் கூடும்’ என்ற வரைபடத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நனைந்த இடத்தில் அதே நிறம் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதில் ஒரு குழி உண்டு. ஜூலை 28-ல் பரவலாக நல்ல மழை பெய்துவிட்டால், 24-ஆம் தேதி மண் நிலையை வைத்துத் தொடங்கிய மாடல் ஓட்டம் (கணினியில் ஒருமுறை போட்ட கணக்கு) அதை அறியாது. வெளியீட்டுத் தேதியைவிட ‘எந்த நாள் தரவில் தொடங்கியது’ என்பதே முக்கியம்.

நாள்வாரி செயலியும் 8–14 நாள் வரைபடமும்

30, 45 நாளுக்கு நாள்வாரி எண் தரும் செயலிகள் ஓர் ஒற்றை மாடல் ஓட்டத்தை எடுத்து நீட்டுகின்றன, அல்லது அந்தத் தேதியின் நெடுங்காலச் சராசரியோடு கொஞ்சம் ஏற்ற இறக்கம் கலக்கின்றன. இரண்டாவது வகை அவ்வளவு மோசமில்லை. சராசரி எப்போதும் படுதோல்வி அடையாது. முதல் வகைதான் ஆபத்து. நேற்று 34, இன்று 27, நாளை 32 என்று தாவும். இந்தத் தாவலைப் புதுத் தகவல் என்று எடுத்துக்கொண்டால் தினமும் திட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அமெரிக்க மையத்தின் 6–10 நாள், 8–14 நாள் வரைபடங்கள் தினமும் வருகின்றன. இவை நாள் எதையும் சொல்வதில்லை. அந்த ஐந்து அல்லது ஏழு நாளின் சராசரி வெப்பமும் மொத்த மழையும் எந்தப் பக்கம் சாயும் என்றுதான் சொல்கின்றன. பின்கோடையில் உண்மையாகவே உழைக்கும் கருவி இது. ஒரு வெப்ப அலை நிலைகொள்ளப்போவதும், குளிர்முகம் (முன்னேறும் குளிர்காற்றின் விளிம்பு) ஒன்று முதன்முறையாகத் தெற்கே இறங்கப்போவதும் பெரும்பாலும் இங்கேதான் முதலில் நம்பகமாகத் தெரியும். குறை ஒன்று: ஏழு நாள் சராசரி இயல்பாக இருந்தாலும் அதற்குள் இரண்டு நாள் கொளுத்தியும் மூன்று நாள் குளிர்ந்தும் இருக்கலாம்.

மூன்றாம், நான்காம் வாரம்: மூன்று போட்டியாளர்கள்

அமெரிக்க மையத்தின் 3–4 வார வரைபடம் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. இதில் ‘இயல்பு’ என்ற நடுப்பிரிவு கிடையாது. மேலே, கீழே என்று இரண்டே பிரிவு. எனவே இங்கே 50% என்பதுதான் ‘தெரியாது’. பருவ வரைபடம் போல மேலே, இயல்பு, கீழே என்று மூன்று பிரிவுள்ள வரைபடத்தில் 33.3% தான் ‘தெரியாது’. இங்கே காணும் 55%-ஐ பருவ வரைபடத்தின் 40%-ஐ விட வலுவானது என்று படித்தால் தலைகீழாகிவிடும். முன்னது அடிப்படையிலிருந்து 5 புள்ளி மட்டுமே விலகியது. பின்னது கிட்டத்தட்ட 7.

ஐரோப்பிய மையத்தின் நீட்டித்த காலக் கணிப்பு 46 நாள் வரை போகும். 2023 ஜூன் வரை வாரம் இருமுறை, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் போட்ட 51 ஓட்டங்கள்; அதன்பின் தினமும் 101 ஓட்டங்கள், பூமியை ஏறக்குறைய 36 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து. இதன் பெரிய பலம், கடந்த 20 ஆண்டுகளுக்கு அதே மாடலை ஓட்டிப் பார்த்து, மாடலின் சொந்தச் சாய்வைக் கழித்துவிட்டுத் தருவது. வரைபடத்தில் வெள்ளை என்றால் ‘இயல்பாக இருக்கும்’ என்று பொருளல்ல. 101 ஓட்டங்களின் பரவல் வழக்கமான பரவலிலிருந்து குறிப்பிடும்படி வேறுபடவில்லை, அவ்வளவுதான். நான்காம் வாரத்தில் பெரும்பகுதி வெள்ளையாக இருப்பதைக் குறையாகப் பார்க்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு அதுதான் இந்த வரைபடத்தின் நேர்மை.

மூன்றாவது, அமெரிக்க அரசின் பருவநிலை முன்கணிப்பு மாடலான சி.எஃப்.எஸ்., அதன் இரண்டாம் பதிப்பு. 2011-லிருந்து இயங்குகிறது, இலவசம், ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. சமூக ஊடகங்களில் அதிகம் சுற்றும் அச்சமூட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் இதன் தனி ஓட்டங்கள். தனி ஓட்டத்தைத் தொடவே வேண்டாம். பத்து நாளின் ஒன்பது மாத ஓட்டங்களைச் சேர்த்தால் 40 கிடைக்கும். அந்தச் சராசரியைப் பாருங்கள். அப்போதும் இதை ஐரோப்பிய மையத்துக்கு அடுத்த சாட்சியாக வைப்போம், முதல் சாட்சியாக அல்ல.

பருவ வரைபடமும், அதில் ஒளிந்திருக்கும் ஒப்பீட்டுக் காலமும்

அமெரிக்க மையம் ஒவ்வொரு மாதமும் மூன்றாம் வியாழனன்று 13 மூன்றுமாதக் கணிப்புகளை வெளியிடுகிறது. மாதக் கணிப்பும் அன்றே வரும். மாதத்தின் கடைசி நாளில் அது திருத்தப்படும். இந்தத் திருத்தத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டியது அதைத்தான்: அடுத்த மாதத்தின் முதல் இரண்டு வாரத்துக்கான மாடல் தகவல் அதில் சேர்ந்திருக்கும். ஐரோப்பாவின் பருவநிலைத் தரவுச் சேவையான கோப்பர்னிகஸ் பல நாட்டு மையங்களின் பருவ மாடல்களைப் பக்கம் பக்கமாக வைக்கிறது. அவற்றில் எத்தனை ஒரே திசையில் சாய்கின்றன என்று எண்ணுவது நல்ல பழக்கம்.

தொடக்கத்தில் சொன்ன ஆரஞ்சு–வெள்ளை முரணுக்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. அமெரிக்க மையம் 1991–2020 சராசரியோடு ஒப்பிடுகிறது. ஐரோப்பிய மையத்தின் நீட்டித்த காலக் கணிப்பு சமீபத்திய 20 ஆண்டுகளோடு ஒப்பிடுகிறது. கோப்பர்னிகஸ் பருவ வரைபடங்களுக்கு 1993–2016. பூமி சூடேறிக்கொண்டே வருவதால், பழைய காலத்தை அளவுகோலாக வைத்தால் சாதாரண ஆகஸ்டும் ‘இயல்பை விட வெப்பம்’ ஆகிவிடும். மூன்று வரைபடமும் ஒரே வெப்பநிலையைச் சொல்லிவிட்டு மூன்று நிறம் காட்டலாம். எளிய சோதனை: உங்கள் இடத்தின் கடைசி பத்து ஆகஸ்டுகளின் சராசரியை எடுத்து, 1991–2020 சராசரியோடு கழித்துப் பாருங்கள். ஏற்கெனவே அரை டிகிரி கூடியிருந்தால், பருவ வரைபடத்தின் 40% ஆரஞ்சில் பெரும்பங்கு அந்தப் போக்குதான். இந்த ஆண்டுக்கென்று புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மே மாதத்தில் வந்த பருவக் கணிப்பை ஜூலையில் எடுத்துப் பேசுவதும் வீண். எல் நினோ கணிப்பு வசந்தத்தைத் தாண்டும்போது தடுமாறும். ஜூன், ஜூலை வெளியீடுகளுக்கு அந்தத் தடை இல்லை.

மழை வேறு கதை

மிதவெப்பப் பகுதியின் பின்கோடை மழையில் பெரும்பகுதி வெப்பச்சலன மழை, அதாவது சூடான காற்று மேலெழுந்து பெய்யும் இடிமழை. பத்து கிலோமீட்டர் அகலமுள்ள இடிமேகத்தை 36 கிலோமீட்டர் கட்டம் பார்க்காது. அதைத் தோராயச் சூத்திரத்தால் நிரப்புகிறது. அதனால் பத்து நாளுக்கு மேல் மழை வரைபடத்தின் திறன் வெப்ப வரைபடத்தைவிடத் தெளிவாகக் குறைகிறது.

இன்னொன்று புயல். அட்லாண்டிக் புயல் பருவத்தின் உச்சி செப்டம்பர் 10-ஐ ஒட்டி வருகிறது. ஒரே புயல் மாதக் கணக்கை மாற்றிவிடும்: 2017 ஆகஸ்டில் ஹார்வி டெக்சஸின் நெடர்லாந்தில் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ‘சம வாய்ப்பு’ என்று வரையப்பட்ட இடத்தில் இப்படி நடந்தால் வரைபடம் பொய்க்கவில்லை. அது எதையும் சொல்லவே இல்லை.

சராசரிக்கும் இடைநிலைக்கும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். சில ஆண்டுகள் பெருமழை பெய்து சராசரியைத் தூக்கிவிடுவதால், பாதிக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் மழை ‘சராசரிக்குக் கீழே’தான் இருக்கும். எனவே ‘சராசரிக்குக் கீழ், 55%’ என்று ஒரு செயலி சொன்னால் அது ஒருவேளை வழக்கமான ஆண்டைத்தான் விவரிக்கிறது.

பருவமழை நாடுகளில் கணக்கு மாறும். அங்கே மழை ஓங்குவதும் ஓய்வதும் வடக்கே நகரும் பெரிய அலைவைச் சார்ந்தது. ஆகவே இரண்டாம் வாரம் வரை, சில சமயம் மூன்றாம் வாரம் வரை, வார மழைக் கணிப்பு பயன் தரும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழக்கிழமைதோறும் நான்கு வாரக் கணிப்பு தருகிறது. ஜூலை இறுதியில் ஆகஸ்ட்–செப்டம்பர் மொத்த மழைக்கும் தனியே கணிப்பு வரும். 2023 இரண்டின் வேறுபாட்டையும் காட்டியது: இந்தியாவில் ஆகஸ்டில் 36% பற்றாக்குறை, செப்டம்பரில் 13% மிகுதி. இரண்டு மாத மொத்தம் என்ற ஒற்றை எண்ணுக்குள் இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். வறண்ட ஆகஸ்டில் தவித்த பயிருக்கு அந்த மொத்தத்தால் பயனில்லை.

சதவீதத்தை முடிவாக மாற்றுவது

மூன்று பிரிவில் ‘மேலே 40%’ என்றால் நடுவே 33.3%, கீழே 26.7%. அதாவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் இயல்பைவிடக் குளிர்ந்து போகவும் வாய்ப்பிருக்கிறது. எத்தனை டிகிரி கூடும் என்பதும் இதில் இல்லை.

முன்னேற்பாட்டுக்கு ஆகும் செலவை, ஏற்பாடு செய்யாமல் விட்டால் வரும் இழப்பால் வகுத்துப் பாருங்கள். செலவு 10, இழப்பு 25 என்றால் விடை 0.4. நிகழ்தகவு 40%-ஐத் தாண்டினால் செய்யலாம். செலவு 10, இழப்பு 100 என்றால் 10% போதும். அப்படியானால் 33% என்ற சராசரி வாய்ப்பே உங்களைச் செயல்பட வைத்துவிடும், முன்கணிப்புக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை. செலவு 20, இழப்பு 25 என்றால் 80% வேண்டும். பருவ வரைபடம் அந்த எண்ணை எட்டுவது அபூர்வம். அந்த முடிவை 8–14 நாள் வரைபடத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

மதிப்பெண்ணைப் பார்க்கும்போதும் இதே கணக்கு. 100 இடங்களில் 45-ல் பிரிவு சரியாக அமைந்தால், குருட்டாம்போக்கில் கிடைக்கும் 33.3-ஐக் கழித்து, மீதி 66.7-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால், குருட்டு ஊகத்தைவிட எவ்வளவு மேல் என்று காட்டும் ஹைட்கே மதிப்பெண் 17.5 வரும். ‘45% சரி’ என்ற விளம்பரத்தைவிட இது தெளிவு. இந்த எண்ணைப் பழைய ஆண்டுகளுக்கு வெளியிடாத எந்தச் சேவைக்கும் பணம் கட்ட வேண்டாம்.

எந்த வரிசையில் பார்ப்பது

ஜூன் மூன்றாம் வியாழனில் பருவ வரைபடம். கடைசிப் பத்து ஆண்டுப் போக்கைக் கழித்துவிட்டு மீதி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை நடுவில் மண் ஈரம். ஜூலை 31-ல் திருத்திய மாதக் கணிப்பு. அதன்பின் வாரம் இருமுறை, திங்களும் வியாழனும், ஐரோப்பிய மையத்தின் மூன்றாம் வாரத்தைப் பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் இரைச்சல்தான் மிஞ்சும். தொடர்ந்து மூன்று வெளியீடு ஒரே திசையில் நின்று, அமெரிக்க மையத்தின் 3–4 வார வரைபடமும் அதே பக்கம் சாய்ந்தால் வெப்பத்துக்கான திரும்பப் பெறக்கூடிய ஏற்பாடுகளைத் தொடங்கலாம். திரும்பப் பெற முடியாதவற்றை அதே வாரம் 8–14 நாள் பட்டைக்குள் வரும்வரை வைத்திருங்கள். மழைக்கு இந்த வரிசையில் முதல் நாலு படியையும் தாண்டி நேராக 6–10 நாள் வரைபடத்துக்குப் போங்கள். அதுவரை உங்கள் இடத்தின் முப்பது ஆண்டு ஆகஸ்ட் மழையை வரிசைப்படுத்தி, பத்தாவது, இருபதாவது எண்களைச் சுவரில் ஒட்டி வைத்தால் போதும்.