ப்ரூடர் ஒத்தட மாஸ்க்: யாருக்கு, எப்படி, எது வரை?

நாள்பட்ட இமை அழற்சிக்கும் அதை ஒட்டி வரும் கண் வறட்சிக்கும் கண் மருத்துவர் முதலில் சொல்வது வெந்நீர் ஒத்தடம்தான். துண்டை நனைத்துப் பிழிந்து கண்மேல் வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். நான்கைந்து முறை திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். அந்தச் சலிப்பில்தான் பலர் ஒரே வாரத்தில் கைவிடுகிறார்கள். மைக்ரோவேவில் சூடாக்கி அணிகிற ப்ரூடர் மாஸ்க் இந்தச் சிக்கலை நன்றாகவே தீர்க்கிறது. ஆனால் மாஸ்க்கைக் கழற்றிய பிறகு இரண்டு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய மனமில்லாதவர்கள் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

மேல் இமையில் சுமார் 25 முதல் 40 வரையும் கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் மெய்போமியன் சுரப்பிகள் செங்குத்தாக வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றின் வாய் இமை ரோமங்களுக்குச் சற்று உட்புறம், இமை விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து வரும் எண்ணெய்தான் கண்ணீரின்மேல் படலமாகப் படர்ந்து அது ஆவியாகாமல் காக்கிறது. அழற்சி நீடித்தால் இந்த எண்ணெய் கெட்டிப்பட்டு, அழுத்தினால் பற்பசை மாதிரி வெளியே வரும். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறவரிடமும் "உங்களுக்கு வறட்சி" என்று மருத்துவர் சொல்வதற்குக் காரணம் இதுதான். கண்ணீர் இருக்கிறது, அதைப் பிடித்துவைக்கும் எண்ணெய் இல்லை. கெட்டிப்பட்டதை இளக்க இமையின் உட்புறம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூடு சில நிமிடமாவது நிற்க வேண்டும். வெளித்தோலில் 45 டிகிரியைத் தாண்டவும் கூடாது. மாஸ்க் நல்லதா இல்லையா என்பதை இந்தக் குறுகிய இடைவெளியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ப்ரூடரின் உள்ளே இருக்கும் மணிகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொண்டு, சூடாக்கும்போது வெளிவிடுகின்றன. அதனால் தண்ணீரில் நனைக்காமலே ஈரச்சூடு கிடைக்கிறது. மடிக்காமல் விரித்துத் தட்டின் நடுவில் வைத்து, 20 முதல் 25 நொடி போதும். மைக்ரோவேவின் வாட் அளவு வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் முதல் முறை 20 நொடியில் தொடங்கி, குறைவாகத் தோன்றினால் ஐந்தைந்து நொடியாகக் கூட்டுங்கள். எடுத்ததும் லேசாகக் குலுக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். நம் வீடுகளில் கிரில், கன்வெக்‌ஷன் எல்லாம் சேர்ந்த அடுப்புகள் அதிகம். வெறும் மைக்ரோவேவ் நிலையில் மட்டுமே சூடாக்க வேண்டும், மற்ற இரண்டிலும் துணி கருகும். சுழலும் தட்டை முதலில் துடைத்துவிடுங்கள். சிந்திய சாம்பார்த் துளி துணியில் ஏறினால் வாசனை போகாது, அதே இடம் கண்ணிமையில்தான் படும். ஒருமுறை பயன்படுத்தியதும் உடனே மறுபடி சூடாக்கவும் கூடாது. மணிகள் இழந்த ஈரத்தைத் திரும்ப எடுக்கச் சில மணி நேரம் ஆகும். காலையும் இரவும் என்று வைத்துக்கொண்டால் இடைவெளி தானாக அமைந்துவிடும்.

கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி, கண் மையைத் துடைத்துவிட்டு, எட்டு முதல் பத்து நிமிடம் கண்ணை மூடி மாஸ்க்கை அணிந்திருக்க வேண்டும். பட்டையை இறுக்கிக் கட்டினால் கருவிழி அழுத்தப்பட்டு, கழற்றிய பிறகு சிறிது நேரம் பார்வை மங்கலாக இருக்கும். மாஸ்க் தன் எடையில் உட்கார்ந்தால் போதும்.

மாஸ்க்கைக் கழற்றியதும் இமை ஆறுவதற்குள் நீவ வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய விரலின் நுனிச் சதையால், கண்ணை மூடியபடி, மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், இரண்டுமே ரோமக்காலை நோக்கி, ஐந்து முதல் பத்து முறை நீவிவிடுங்கள். பலர் செய்வதுபோல் பக்கவாட்டில் தேய்த்தால் எண்ணெய் வெளியே வராது; சுரப்பிகள் நிற்பது செங்குத்தாக. அழுத்தம் இமையில் இருக்கட்டும், கண் உருண்டைக்குப் போகக் கூடாது. கெரட்டோகோனஸ் என்னும் கருவிழிக் கூம்பல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீவவே வேண்டாம்.

அடுத்தது விளிம்பைச் சுத்தம் செய்வது. இதற்கு தேயா நிறுவனத்தின் ப்ளெஃபாக்ளீன் போன்ற கிருமி நீக்கிய இமைத் துடைப்பான்கள் வசதி. கண்ணை மூடி, ரோமக்கால் ஓரமாகவே கிடைமட்டமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்குத் தொட்ட பக்கத்தால் மறு கண்ணைத் தொடக் கூடாது. ஒன்றுக்குப் பத்து பங்கு நீர் கலந்த பேபி ஷாம்பு பழைய முறை. செலவில்லாதது, ஆனால் வறண்ட கண்ணில் எரிச்சலைக் கூட்டலாம். ரோமத்தின் அடியில் குழல்போல் செதில் சுற்றியிருந்தால் அது டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சி இருப்பதன் அடையாளம். இதற்கு மாஸ்க்கும் போதாது, சாதாரணத் துடைப்பானும் போதாது. டீ ட்ரீ எண்ணெயை அப்படியே இமையில் தடவுவது கருவிழியைப் புண்ணாக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்காவில் 2023 ஜூலையில் லோடிலானர் 0.25 சதவீதச் சொட்டு மருந்துக்கு இதற்கென்றே அனுமதி கிடைத்தது; தினம் இருவேளை, ஆறு வாரம்.

மாற்று வழிகளைப் பற்றி. அரிசி, ஆளிவிதை அடைத்த மலிவு மாஸ்க்குகள் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், வண்டு வைக்கும். ஜெல் மாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். ஜப்பானின் காவோ நிறுவனம் விற்கும், ஒருமுறை மட்டுமே பயன்படும் மெக்ரிதம் மாஸ்க், உறையைப் பிரித்ததும் தானே சுமார் 40 டிகிரிக்குச் சூடாகும்; பயணத்துக்கு நல்லது, தினசரிக்குச் செலவு கட்டாது. மைக்ரோவேவ் இல்லாத வீட்டில் ஐந்தாறு சிறு துண்டுகளை வெந்நீரில் பிழிந்து ஒன்றின்மேல் ஒன்றாக உருட்டிவைத்து, வெளித்துண்டு ஆற ஆற அடுத்ததை எடுத்தால் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும்.

கடைசியாகத்தான் வறட்சிக்கான சொட்டு மருந்து. ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போடுகிறவர்கள் பென்சல்கோனியம் குளோரைடு கலந்த புட்டியைத் தவிர்க்க வேண்டும். அந்தப் பாதுகாப்புப் பொருளே கண்ணின் மேற்பரப்பைப் பாதிக்கும். சிவப்பைப் போக்கும் நாஃபசோலின் சொட்டுகள் வறட்சிக்கு மருந்தல்ல, நிறுத்தியதும் சிவப்பு கூடுதலாகத் திரும்பும். பாதுகாப்புப் பொருள் இல்லாதது வேண்டுமென்றால் ஒருவேளைக்கான சிறு குப்பியோ, காற்றும் கிருமியும் திரும்ப உள்ளே போகாத வால்வு வைத்த புட்டியோ பார்த்து வாங்குங்கள். 2023-ல் அமெரிக்காவில் பலர் பார்வையை இழக்கவும், சிலர் உயிரிழக்கவும் காரணமான சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாத் தொற்று, சென்னைக்கு அருகே தயாரான செயற்கைக் கண்ணீர் புட்டிகளோடு தொடர்புடையது. பலமுறை திறந்து மூடும் அந்தப் புட்டியில் போதுமான பாதுகாப்புப் பொருள் இல்லை என்பது அமெரிக்க மருந்துத் துறை எழுப்பிய குறைகளில் ஒன்று. விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் கண்ணில் விடுவது கிருமித் தொற்று வரும் என்ற இதே காரணத்தால்தான் ஆபத்து.

பலன் தெரிய மூன்று நான்கு வாரம் பிடிக்கும். கட்டுக்குள் வந்த பிறகும் நாளுக்கு ஒருமுறை ஒத்தடம் தொடர வேண்டும், நிறுத்தினால் சுரப்பி மறுபடி அடைக்கும். கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு சில வாரங்களே ஆனவர்கள், முகத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், ஒவ்வாமையால் இமை வீங்கியிருப்பவர்கள் இந்த மாஸ்க்கை வாங்குமுன் மருத்துவரைப் பார்க்கட்டும். வெளிச்சம் பட்டால் வலி, பார்வை குறைவு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டி, ஒரு பக்கம் மட்டும் ரோமம் உதிர்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒத்தடத்தை நிறுத்திவிட்டு அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதியவர்களுக்கு ஆறாத இமைக்கட்டி புற்றாகவும் இருக்கக்கூடும். அதைச் சதைப் பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்த முடியும்.