கொக்குவில் அரைப் பார்சல் கடை, சாப்பிட்டவன் சொல்லுறன்

கடைக்குப் பெயர்ப்பலகை ஒண்டும் இல்லை, யாழ்ப்பாணத்தில கொக்குவில் ஸ்டேசனுக்குக் கிட்ட தகரக் கூரை போட்ட இடம், மேசன் வேலைக்குப் போறவையும் கம்பஸ் பெடியளும்தான் கூடுதலா நிப்பினம். மத்தியானம் மட்டும்தான் சாப்பாடு. ஒண்டரைக்குப் பிறகு போனா சட்டி கழுவிக்கொண்டிருப்பினம்.

இங்க வாங்க வேண்டியது சோத்துப் பார்சலில அரைப் பார்சல். 180 ரூபா, முழுசு 300. அரை மற்ற கடையளிலயும் இருக்குது தானே எண்டு கேப்பியள். இருக்குது, ஆனா அங்க சோத்தை அமத்தி வைச்சுப்போட்டு கறியை கொட்டைப்பாக்களவு வைப்பினம். இங்க குறையிறது சோறு மட்டும்தான், பருப்பு, முருங்கையிலை வறை, சூடை மீன் பொரியல் மூண்டும் முழுப் பார்சலில வாறமாதிரியே வரும். எனக்கு இதுதான் சரியான கணக்கு. 2022 செப்டம்பரில, இலங்கையில காசு நெருக்கடி நேரம், சாப்பாட்டுச் சாமான் விலை முதல் வருசத்தை விட 90 வீதத்துக்கும் மேல ஏறிக் கிடக்கேக்க சனம் முதல்ல வெட்டினது மீனையும் முட்டையையும் தானே, வயிறு எப்பிடியோ நிரம்பிச்சுது, சத்துத்தான் போச்சு.

கடைக்கார அக்காவிட்ட ஏன் இப்பிடிப் போடுறியள் எண்டு கேட்டன். "தம்பி, 2006இல சண்டையால ஏ9 றோட்டு, வெளியில இருந்து சாமான் வாற பாதை, பூட்டேக்க கையில காசு இருந்தது, சாமான் இல்லை, சங்கக்கடை லைனில விடிய விடிய நிண்டம். பேந்து 2022இல சந்தையில மரக்கறி கிடந்தது, காசு இல்லை. ரெண்டும் பட்டினிதான்" எண்டா. 1994இல ஐநா அபிவிருத்தித் திட்டத்தின்ர அறிக்கை மனிதப் பாதுகாப்புக்கு ஏழு பக்கம் இருக்கு எண்டு பிரிச்சு, அதில ஒண்டா உணவையும் வைச்சுச் சொன்னதும் இதைத்தான், சாப்பாடு நாட்டில இருந்தாப் போதாது, அது சனத்தின்ர கைக்கு எட்டவும் வேணும் எண்டு. கம்பஸில நோட்ஸ் எடுத்துப் படிச்சதை அக்கா கரண்டியோட நிண்டு சொல்லிப்போட்டா.

சரி, குறையளும் சொல்லோணும். சொதி தண்ணி, தேங்காய் விலைக்கு அவையைக் குற்றம் சொல்லேலாது எண்டாலும் தண்ணிதான். விளைமீன், பாரை எண்டு தேடிப் போகாதேங்கோ, கிடைக்காது. இருந்து சாப்பிட ரெண்டே ரெண்டு மேசை, ஃபான் இல்லை, வெய்யிலுக்கு அவிஞ்சு போவியள். சுடுசோத்தை லஞ்ச் சீற்றில, அந்தப் பொலித்தீன் தாளில, கட்டுறது எனக்குத் துண்டாப் பிடிக்கேல்லை, வாழையிலை கேட்டா சிரிக்கினம், அதால நான் இப்ப வீட்டில இருந்து பெட்டி கொண்டு போறன், ஒண்டும் சொல்லாமல் போட்டுத் தருவினம்.

ஞாயிற்றுக்கிழமையில ஒடியல் கூழ், காய்ஞ்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சிற கூழ், இருக்கும். நண்டும் றாலும் பேருக்குத்தான், ஆனா பயித்தங்காய், பலாக்கொட்டை தாராளமாக் கிடக்கும், உறைப்பும் நல்ல உறைப்பு. பன்ரண்டுக்கு முன்னம் போங்கோ, முடிஞ்சிடும்.