பழைய அலுவலகக் கணினிகளில் லேன் கார்டு டிரைவர்: பன்னிரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் 2013 முதல் பணிபுரிகிறேன். வரிப் படிவங்கள் தயாரிப்பதுதான் என் வேலை என்றாலும், அங்கிருக்கும் பதினொரு கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சேர்ந்த சில மாதங்களிலேயே என்னிடம் வந்துவிட்டது. அவற்றில் நான்கு 2008 வாக்கில் வாங்கியவை. மற்றவையும் புதியவை அல்ல. பல முறை ஃபார்மட் செய்து, இயங்குதளத்தை மாற்றி, உதிரிப் பாகங்களை மாற்றி, அவற்றைத்தான் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது லேன் கார்டின், அதாவது கணினியைக் கேபிள் வழியாக வலையமைப்பில் இணைக்கும் பாகத்தின், டிரைவர்தான். அந்தப் பாகத்தை இயங்குதளம் பயன்படுத்த உதவும் சிறு மென்பொருளே டிரைவர். அதனால் அந்த ஒன்றைப் பற்றி மட்டும், முறையான பயிற்சி இல்லாமல் அலுவலகக் கணினிகளைக் கவனித்துக்கொள்ள நேர்ந்தவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது, பழைய நான்கு கணினிகளையும் விண்டோஸ் 7-க்கு மாற்றினோம். முதல் கணினியில் நிறுவல் தடையின்றி முடிந்தது. திரை சரியாக இருந்தது, ஒலி வந்தது, இணையம் மட்டும் வரவில்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறியும், அதைச் சொடுக்கினால் டிரைவர் நிறுவப்படவில்லை என்று தெரிவிக்கும் 28-ஆம் குறியீடும் இருந்தன. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும் என்ற நிலையில், பக்கத்துக் கணினியில் பதிவிறக்கிப் பென் டிரைவில் எடுத்துவந்தேன். கேபினெட்டின் முகப்பில் இருந்த நிறுவனப் பெயரையும் மாடலையும் வைத்துத் தேடியதுதான் தவறாகிவிட்டது. ஒரே மாடல் பெயரில் ஆண்டுக்கு ஆண்டு மதர்போர்டும், அதில் பதிந்திருக்கும் லேன் சிப்பும் மாறியிருக்கக்கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்று டிரைவர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று.

வழி டிவைஸ் மேனேஜருக்குள்ளேயே இருந்தது. மஞ்சள் குறியிட்ட சாதனத்தின் மேல் வலச்சொடுக்குச் செய்து 'ப்ராப்பர்டீஸ்' சென்று, 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட வரி வரும். அதில் 'வென்' என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்துகள் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தையும், 'டெவ்' என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்துகள் சிப்பின் வகையையும் குறிக்கின்றன. இன்டெலுக்கு 8086, ரியல்டெக்குக்கு 10இசி, பிராட்காமுக்கு 14இ4, வியாவுக்கு 1106. இன்டெலின் எண், 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் எண்ணேதான் என்பதால் ஒரு முறை பார்த்தால் மறக்காது. எங்கள் கணினியில் 10இசி, 8168 என்று இருந்தது. அதாவது, முகப்பில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், உள்ளே இருந்தது ரியல்டெக்கின் கிகாபிட் (விநாடிக்கு ஆயிரம் மெகாபிட் வேகம்) சிப். அந்த இரண்டு எண்களையும் சேர்த்துத் தேடிய பிறகு, சரியான டிரைவரைக் கண்டுபிடித்துப் போட்டு முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கமும் எனக்குப் பலமுறை கைகொடுத்தது. பதிவிறக்கிய டிரைவர் நம் கார்டுக்கு ஏற்றதா என்பதை நிறுவிப் பார்க்காமலேயே அறியலாம். பொதியைப் பிரித்தால் அதற்குள் ஐஎன்எஃப் என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். அது சாதாரண உரைக் கோப்பு. அதை நோட்பேடில் திறந்து, நம் சிப்பின் எண்ணைத் தேட வேண்டும். எண் இருந்தால் அந்த டிரைவர் நம் கார்டை அறியும். இல்லையென்றால் எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. 32 பிட், 64 பிட் வேறுபாட்டையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். தானாகவே எல்லா டிரைவர்களையும் கண்டுபிடித்துப் போட்டுவிடுவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நான் ஒரு முறை பயன்படுத்தினேன். டிரைவர் கிடைத்தது, கூடவே உலாவியின் முகப்புப் பக்கம் மாறியது, கேட்காத இரண்டு நிரல்களும் வந்து உட்கார்ந்தன. வாடிக்கையாளர்களின் வரிக் கணக்குகள் இருக்கும் கணினியில் அந்த ஆபத்தை இனி ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

பழைய சிப்புகளுக்கான டிரைவர்கள் தயாரிப்பாளர்களின் தளங்களிலேயே எப்போதும் இருக்கும் என்று நம்பக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் இறக்கிய ஒரு கோப்பை மறுபடியும் தேடியபோது அந்தப் பக்கமே இல்லை. அதன் பிறகு, கணினி நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே டிரைவர்களை எடுத்து வைத்துவிடுகிறேன். விண்டோஸ் 7-இல், சிஸ்டம்32-க்குள் இருக்கும் டிரைவர்ஸ்டோர் ஃபோல்டரிலிருந்து நகலெடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-இல் கட்டளைச் சாளரத்தில் அடிக்கும் டிஸ்ம் கட்டளை ஒரே வரியில் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்குள் கொடுத்துவிடுகிறது. விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிரைவர்கள் அதில் வராது, நாம் வெளியிலிருந்து நிறுவியவை மட்டுமே வரும். கணினிக்கு ஒரு ஃபோல்டர் என்று பதினொரு ஃபோல்டர்கள் ஒரு பென் டிரைவிலும், அதன் நகல் இன்னொரு வன்தட்டிலும் இருக்கின்றன. அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் செய்தால், அதாவது ஃபோனின் இணையத்தைக் கணினியோடு பகிர்ந்தால், விண்டோஸ் 10 தனி டிரைவர் கேட்காமலேயே இணையத்தைப் பெற்றுக்கொள்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 

விண்டோஸ் 7-இல் சில ஆண்டுகள் கழித்து வேறொரு தடை வந்தது. எண் பொருந்தியது, ஐஎன்எஃப் கோப்பிலும் எண் இருந்தது, ஆனால் நிறுவிய பிறகு 52-ஆம் குறியீடு வந்து, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று நின்றது. புதிய டிரைவர்கள் ஷா-2 என்ற புதிய குறியாக்க முறையில் கையொப்பமிடப்பட்டிருந்தன. பழைய குறுந்தகட்டிலிருந்து நிறுவிய விண்டோஸ் 7 அதை அறியாது. விண்டோஸ் 7-க்கான புதுப்பிப்புத் தொகுப்பான சர்வீஸ் பேக் 1-ஐப் போட்டு, அதன் மேல் 2015 மார்ச்சில் வெளியான 3033929 என்ற புதுப்பிப்பையும் போட்டவுடன் அதே டிரைவர் ஏறிக்கொண்டது. கையொப்பச் சோதனையையே அணைத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். அலுவலகக் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

டிரைவர் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என்னை மிகவும் அலைக்கழித்தது அதற்குப் பின் வந்த அமைப்புகள்தான். எங்கள் கணக்கு மென்பொருளான டேலியின் தரவு ஒரு கணினியின் பகிர்வு ஃபோல்டரில் இருக்கிறது. மற்றவர்கள் லேன் வழியாக அதைத் திறந்து உள்ளீடு செய்வார்கள். மாதந்தோறும் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி 3பி வரிப் படிவத்துக்கு 20-ஆம் தேதி கடைசி நாள். அப்படி ஒரு 20-ஆம் தேதி மாலை, எங்கள் மூத்த கணக்கர் ஒரு நீண்ட வவுச்சரை அடித்துக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தது. "தம்பி, மறுபடியும் போயிடுச்சு" என்று அவர் அழைத்தபோது, அன்று அது நான்காவது முறை. நான் போய்ப் பார்ப்பதற்குள் இணைப்பு திரும்பியிருந்தது. ஆனால் டேலி மூடிக்கொண்டு, அடித்த வவுச்சர் போயிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் காகிதத்தைத் திருப்பி முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினார். அவர் மேசைக்குக் கீழே உட்கார்ந்து கார்டின் பின்புறம் இருந்த சிறு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டச்சை நிறுத்திக் காகிதத்தைப் படிக்கும் அந்த அரை நிமிட இடைவெளியில்தான் விளக்கு அணைந்து மறுபடியும் எரிந்தது.

தரவு ஓடாத நேரத்தில் மின்சாரத்தைச் சேமிக்க முயலும் அமைப்புதான் அதற்குக் காரணம். கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி கொடுக்கும் கட்டத்தில் இருந்த குறியை நீக்கினேன். 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' என்பதையும் அணைத்தேன். அன்று இரவு வேலை முடியும் வரை இணைப்பு ஒரு முறைகூட அறுபடவில்லை. பிறகு ஒரு நாள் ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்கிப் பார்த்தபோது, எங்கள் கணினியில் குற்றவாளி இரண்டாவதுதான் என்று தெரிந்தது. 2010-இல் தரப்படுத்தப்பட்ட அந்த வசதி நல்ல நோக்கம் கொண்டது. ஆனால் கார்டும், எல்லாக் கணினிகளின் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்சும் இரண்டுமே அதைச் சரியாகக் கையாள வேண்டும், பழைய ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் அதை நம்ப முடியவில்லை. டிரைவர் புதுப்பிக்கப்பட்டால் இந்த அமைப்புகள் பழைய நிலைக்கே திரும்பிவிடுவதை இருமுறை கண்டேன். ஆகவே ஒவ்வொரு கணினியின் கேபினெட்டுக்குள்ளும் சிப்பின் எண்ணையும், மாற்றிய அமைப்புகளையும் எழுதிய ஒரு தாளை ஒட்டிவைத்திருக்கிறேன்.

டிரைவரின் மேல் பழி போட்டு, உண்மையில் கேபிளில் தவறு இருந்த அனுபவத்தையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நூறு மெகாபிட் ஸ்விட்சை மாற்றிக் கிகாபிட் ஸ்விட்ச் வாங்கிய வாரம், அதுவரை நன்றாக இயங்கிய ஒரு கணினியில் இணைப்பே வரவில்லை. விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. டிரைவரை நீக்கி மறுபடியும் போட்டேன், பழைய பதிப்பைப் போட்டேன், பயனில்லை. பிறகு 'ஸ்பீட் அண்ட் டூப்ளக்ஸ்' என்ற இடத்தில் தானியங்கித் தேர்வை நீக்கி, 100 மெகாபிட் ஃபுல் டூப்ளக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது) என்று நிலையாக வைத்தவுடன் இணைப்பு வந்தது. மகிழ்ந்தேன், ஆனால் அந்தக் கணினியிலிருந்து ஒரு சிறிய ஸ்கேன் கோப்பை நகலெடுக்கவே பல நிமிடங்கள் பிடித்தன. ஒரு பக்கம் டூப்ளக்ஸை நிலையாக வைத்துவிட்டால், தானியங்கியாக இருக்கும் மறுபக்கத்தால் வேகத்தை மட்டுமே கண்டுபிடிக்க முடியும். டூப்ளக்ஸ் தெரியாததால் அது ஒரு நேரத்தில் அனுப்ப அல்லது பெற மட்டுமே முடியும் ஹாஃப் டூப்ளக்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் எப்போது வேண்டுமானாலும் அனுப்புகிறது, மறுபக்கம் அதை மோதல் என்று எண்ணிப் பின்வாங்குகிறது. இணைப்பு இருப்பதாகக் காட்டும், இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளைக்குக்கூடப் பதில் வரும், வேலை மட்டும் நகராது.

கேபிளின் முனையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் மூலக் காரணம் தெரிந்தது. முன்பு வயரிங் செய்தவர் எட்டுக் கம்பிகளில் 1, 2, 3, 6 ஆகிய நான்கை மட்டும் ஜாக்கில் சேர்த்து, மிச்சத்தை வெட்டிவிட்டிருந்தார். நூறு மெகாபிட்டுக்கு அந்த நான்கே போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வேகத்தைப் பேசி முடிவு செய்யும் வேலை அந்த நான்கு கம்பிகளிலேயே நடந்துவிடுவதால், கார்டும் ஸ்விட்சும் கிகாபிட் என்று ஒப்புக்கொண்டு, பிறகு இணைய முடியாமல் தவித்திருக்கின்றன. எட்டுக் கம்பிகளையும் சேர்த்துப் புதிய ஜாக்கில் கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி), அமைப்பைத் தானியங்கிக்கே திருப்பிய பின் அந்தக் கணினி இன்றுவரை தொல்லை தரவில்லை. இந்த ஓர் இடத்தில் என் கருத்து உறுதியானது: ஸ்விட்சிலும் அதே அமைப்பை வைக்க முடியாத சிறிய அலுவலகங்களில் வேகத்தை ஒருபோதும் கையால் நிலையாக வைக்கக் கூடாது.

கார்டை மதர்போர்டின் வேறு ஸ்லாட்டுக்கு (கார்டைச் செருகும் இடம்) மாற்றும்போது வரும் தடையும் பலரைக் குழப்புகிறது. வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரியை நிலையாகக் கொடுத்தால், அது ஏற்கனவே வேறொரு அடாப்டருக்கு (லேன் கார்டுக்கு) ஒதுக்கப்பட்டிருப்பதாக விண்டோஸ் சொல்லும். தேடினால் அப்படி ஓர் அடாப்டர் கண்ணில் படாது. பழைய ஸ்லாட்டில் இருந்த கார்டின் பதிவு உள்ளே அப்படியே இருப்பதுதான் காரணம். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் செய்து, மங்கலாகத் தெரியும் பழைய பதிவை நீக்கினால் போதும்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிகூட இல்லாமல் கார்டே காணாமல் போயிருந்தால், டிரைவரைத் தேட வேண்டாம்; கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை அமைப்பு நிரலான பயோஸில், ஆன்போர்டு லேன் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் லேன் சிப்) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் இரண்டு கணினிகளில் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, பயோஸ் அமைப்புகளே மாறியிருந்தன. எதுவும் பிடிபடாத நேரத்தில், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் இருக்கும் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கிப் பார்ப்பேன். பழைய லேன் சிப்புகள் பெரும்பாலானவற்றுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடேயே வருவதால், அங்கே இணையம் வந்தால் கார்டும் கேபிளும் நன்றாக இருக்கின்றன, விண்டோஸ் டிரைவரிலோ அமைப்பிலோதான் சிக்கல் என்று தெரிந்துவிடும்.

இத்தனை ஆண்டுகளில் எந்தக் கார்டு நன்றாக உழைத்தது என்று கேட்டால், ரியல்டெக் 8139 சிப் கொண்ட நூறு மெகாபிட் பிசிஐ கார்டையும், இன்டெலின் ப்ரோ 1000 கிகாபிட் கார்டையும் சொல்வேன். ஆன்போர்டு லேன் இடி மின்னலில் போன ஒரு கணினிக்கு, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் பயன்படுத்திய இன்டெல் கார்டு ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும் முன் சிப்பின் மேல் இருந்த எண்ணைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். அது ஆறு ஆண்டுகளாக ஓடுகிறது. 8139 இருக்கும் கணினி நூறு மெகாபிட்டைத் தாண்டாது, ஆனால் வவுச்சர் அடிக்கவும் படிவம் ஏற்றவும் அந்த வேகம் தாராளம்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்த பிறகு, டேலி தேவைப்படாத மூன்று கணினிகளை லினக்ஸ் மின்டுக்கு மாற்றினோம். மூன்றிலும் லேன் கார்டுக்கு நான் எதையும் தேடி நிறுவ வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேபினெட்டுக்குள் ஒட்டிய தாள்களை எடுக்கவில்லை. இயங்குதளத்தின் பெயரை மட்டும் அடித்துத் திருத்தி, சிப்பின் எண்ணை அப்படியே விட்டிருக்கிறேன்.